தபால் பெட்டிக்கு முன் நட்ட கல்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில், பாரிவாக்கத்து ஊர்ப்பாதை வந்து சேரும் முனையில், சிவப்பு வண்ணம் பூசிய இரும்புத் தபால் பெட்டி ஒன்று மரக்கம்பத்தில் பொருத்தப்பட்டிருந்தது. அதன் உயரம் ஒன்றரை முழம். அகலம் ஒரு முழத்திற்கும் குறைவு. இத்துணைச் சிறிய பொருளுக்காக ஒரு மனிதன் மூன்று மாத காலம் உண்ட சோறு உடம்பில் ஒட்டாமல் அஞ்சிக் கிடந்தான் என்று கூறினால் எவரும் நம்பமாட்டார். அம்மனிதன் நானே. என் பெயர் வீராசாமி. அவ்வூரின் தலையாரியாகிய எனக்கு ஊரைக் காவல் காப்பதும், கிராம முன்சீப் இடும் ஏவல்களைச் செய்வதும் தொழில்.

அது யுத்தம் தொடங்கிய நான்காம் ஆண்டு. ஆவடியில் பட்டாளத்துக்குப் பெருங்கிடங்குகள் கட்டப்பட்டு வந்தன. செம்பரம்பாக்கத்துப் பக்கத்திலிருந்து சரளையும் செங்கல்லும் ஏற்றிய லாரிகள் பொழுது விடிந்தது முதல் பொழுது சாயும் வரை எங்கள் முனையைக் கடந்துகொண்டிருந்தன. பெட்ரோல் கிடைக்காத காலமாதலின் அவற்றின் பின்புறத்தில் கரியடுப்பு பொருத்தியிருந்தார்கள். அவை புகை கக்கிக்கொண்டு வளைவில் திரும்புகையில், சாலையின் விளிம்பை மீறி மண்ணில் ஏறிவிடும். ஆடி மாதத்தில் ஒரு லாரி உரசிச் சென்றதில் கம்பம் சாய்ந்தது. ஆவணியில் மற்றொன்று பெட்டியையே பெயர்த்துப் பள்ளத்து நீரில் தள்ளிற்று. ஊராருடைய கடிதங்களை நானும் என் மனைவி பூங்காவனமும் வைக்கோலின் மீது பரப்பி உலர்த்தினோம்.

அதே ஆவணியில்தான் நாடெங்கும் கலகம் மூண்டது. தலைவர்களைச் சிறையில் அடைத்த செய்தி பரவியதும், ஆங்காங்கே தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, தபால் பெட்டிகளில் எண்ணெயில் நனைத்த துணியைக் கொளுத்தித் திணித்தார்கள். எங்கள் ஊரில் அப்படி எதுவும் நிகழவில்லை. எனினும், இருமுறை இடிபட்ட பெட்டியைப் பற்றிய செய்தி காவல் நிலையத்துக்கு எட்டியது. சப்-இன்ஸ்பெக்டர் நேரில் வந்து, முன்சீப்பின் முன்னிலையில் என்னிடம் முச்சலிக்கை என்னும் உறுதிப் பத்திரத்தைக் கேட்டார். பெட்டிக்கு வண்டியாலோ நெருப்பாலோ ஊறு நேர்ந்தால் நானே பொறுப்பாளி என்றும், கலகக்காரர்களுக்கு உடந்தையாயிருந்தவனாகக் கருதப்படுவேன் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது.

முன்சீப் வழக்கம்போல் மைப்பெட்டியை என் கட்டைவிரலை நோக்கி நகர்த்தினார். முப்பத்தாறாம் வயதில் எழுத்துக் கற்ற நான், இதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான் பிழையின்றி எழுதத் தேர்ந்திருந்தேன். ஆதலால் மைப்பெட்டியைப் பணிவுடன் ஒதுக்கிவிட்டு, மை தொட்டெழுதும் பேனாவைக் கேட்டு வாங்கி, என் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒரே வரிசையில் எழுதினேன்.

சப்-இன்ஸ்பெக்டர் அக்காகிதத்தை நெடுநேரம் பார்த்தார்.

"கையெழுத்துப் போடுற தலையாரியா நீ? நல்லது. அப்ப படிச்சுப் பார்த்துத்தான் போட்டிருக்கே. நாளைக்கு ஒண்ணும் தெரியாது எசமான்னு காலைப் பிடிக்கப்படாது. பெட்டி மேல ஒரு நெருப்புத் தடம் பார்த்தேன்னா, முதல்ல உள்ளே போறவன் நீதான்."

அன்று மாலை, பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வந்து பெட்டியைத் திறந்து கடிதம் எடுத்துச் செல்லும் தபால்காரர் கோதண்டம் இச்செய்தியைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"கட்டவெரல வச்சிட்டு வந்திருந்தா, இன்னா எழுதிக்கீதுன்னே தெரியாது சாமின்னு அழுதிருக்கலாம் அண்ணாத்தே. படிச்சவன்னு காட்டப் போயி மாட்டிக்கினியே."

அவர் விளையாட்டாகக் கூறிய அச்சொல்லை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெட்டியைக் காக்க நான் கையாளாத வழியில்லை. பனந்துண்டுகள் இரண்டை வெட்டி முன்னால் ஊன்றினேன்; நான்காம் நாள் ஒரு லாரி அவற்றைச் சிம்பு சிம்பாகப் பிளந்தது. பெரிய செங்கற்களை அடுக்கிச் சுண்ணாம்பு பூசினேன்; யாரோ தம் வீட்டுச் சுவருக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். முடிவில் நானே கையை நீட்டி நின்று லாரிகளை விலகச் செய்ய முயன்றேன். அம்பத்தூரைச் சேர்ந்த துலுக்கானம் என்னும் ஓட்டுநர் ஒருநாள் வண்டியை நிறுத்தி, பீடியை வாயின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு மாற்றினான்.

"இன்னா தலையாரி, போலீசுல எடுத்துட்டாங்களா உன்ன? கைய காட்டிகினு நிக்கறே."

"பொட்டிய ஒதுங்கி ஓட்டு நைனா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"ஒதுங்கறதுக்கு ரோடு எங்கே கீது? எதுர்ல ஒரு லாரி வந்தா, ஒண்ணு அவன் மேல ஏத்தணும், இல்ல உன் பொட்டி மேல ஏத்தணும். அவனுக்குப் பொண்டாட்டி புள்ள கீது. உன் பொட்டிக்கு இன்னா கீது?"

அவன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். அதன் பின்சக்கரம் பெட்டியின் கம்பத்துக்கு நான்கு விரற்கடை தூரத்தில் உருண்டு சென்றதை நான் கண்டேன். அன்றிரவு சோற்றை உருண்டையாகப் பிடித்தபடியே வெகுநேரம் இருந்துவிட்டேன்.

பூங்காவனம் என் இலையைப் பார்த்தவாறு கூறினாள்:

"கட்டைக்கு ஒதுங்கல, மன்சனுக்கு ஒதுங்கல. சாமிக்கு ஒதுங்குவானா மாட்டானா?"

"இன்னா சொல்றே?"

"ஒரு கல்ல நட்டு மஞ்சத்தூள பூசி உடு. எந்த டிரைவரு அது மேல ஏத்தறான்னு பாக்கறேன். வண்டி ஓட்டறவன் பயப்படறது அது ஒண்ணுக்குத்தான்."

"சாமி இல்லாத கல்லுக்கு மஞ்சள் பூசுறது பாவமில்லையா?"

"நீ செயிலுக்குப் போனா எனக்குச் சோறு போடறது யாரு, அந்தப் பாவமா?"

செவ்வாய்க்கிழமை காலையில் கால்வாய்க் கரையிலிருந்து முழங்கால் உயரமுள்ள கருங்கல் ஒன்றைச் சுமந்து வந்து, பெட்டிக்கு மூன்று முழம் முன்னதாக, சாலையின் விளிம்பில் நட்டேன். மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு, உச்சியில் வேப்பிலை செருகினேன். எந்தத் தெய்வத்தின் பெயரையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அழைக்காத தெய்வம் வாராது. வாராத தெய்வம் சினங்கொள்ளாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பயன் உடனே விளைந்தது. முதலில் வந்த லாரியே வேகத்தைக் குறைத்தது. ஓட்டுநர் பீடியை வெளியே எறிந்து, வலக்கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, எதிர்ப்புறமாக விலகிச் சென்றார். துலுக்கானமோ வண்டியை விட்டே இறங்கி விழுந்து வணங்கினான். "ஆத்தா இங்கதான் குந்திக்கினு இருந்தாளா, முன்னியே சொல்லியிருக்கலாமில்ல," என்று என்னைக் கடிந்தும் கொண்டான். பத்து நாட்கள் பெட்டியின் அருகில் ஒரு சக்கரமும் வரவில்லை. நான் சோறுண்டேன்.

பதினொன்றாம் நாள் காலையில், செவ்வரளி மாலை ஒன்று கிடந்தது. அது கல்லின் மேல் கிடக்கவில்லை. பெட்டியின் கழுத்தில் கிடந்தது.

நான் எண்ணிப் பாராத ஒன்று அப்போதுதான் விளங்கிற்று. எங்கள் பக்கத்தில் அம்மனின் முன்னே காவலுக்கு ஒரு கல் நிற்பது வழக்கம். காவற்கல்லைக் கண்டவர்கள் அதற்குப் பின்னால் இருப்பது யார் என்று தேடினார்கள். அங்கே சிவந்த மேனியுடன், திறந்த வாயுடன், கம்பத்தின் மேல் ஒன்று இருந்தது. அதற்குத் தபாலாத்தா என்று பெயரும் இட்டுவிட்டார்கள்.

கோதண்டம் பெட்டியைத் திறந்து உள்ளிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் காட்டினார்: எலுமிச்சம்பழம் ஒன்று, ஒரு பிடி பச்சரிசி, மஞ்சள் தோய்ந்த நூல்.

"அரிசிய பொறுக்கிப் பொறுக்கிக் கடுதாசி எடுக்கறேன் அண்ணாத்தே. எங்க போஸ்ட்மாஸ்டரு மோந்து பாத்துட்டு, இன்னா கோதண்டம், கல்யாண ஊட்டுலேர்ந்து வரியான்றாரு. சிரிக்காதே. சப்-இன்ஸ்பெக்டரு அமாவாசைக்குள்ளாற ஒரு நாளு பொட்டிய பாக்க வராராம். வரச்சொல்ல இது மேல ஒரு பூ கூட இருக்கக்கூடாது."

அன்று முதல் என் அச்சம் இருமடங்காயிற்று. கல்லைப் பிடுங்கினால் லாரிகள் பெட்டியின் மேல் ஏறும். பிடுங்காவிட்டால் என்றேனும் ஒருநாள் எவரேனும் கற்பூரம் கொளுத்துவார்கள். நெருப்புத் தடம் என்று சப்-இன்ஸ்பெக்டர் உரைத்த சொல் என் காதில் ஒலித்துக்கொண்டேயிருந்தது. நான் பகல் முழுதும் முனையில் அமர்ந்து, மாலை கொண்டு வருவோரைக் கைகூப்பித் திருப்பி அனுப்பினேன். தீக்குச்சி உரசும் ஒலி எங்கே கேட்டாலும் திடுக்கிட்டு எழுந்தேன்.

என் சொல்லுக்குச் செவிசாய்க்காதவள் முத்தம்மாள் ஒருத்தியே. அவளுடைய ஒரே மகன் மதுரைவீரன் பட்டாளத்தில் சேர்ந்து கடல் கடந்து சென்றிருந்தான். நான்கு மாதங்களாக அவனிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. மாதந்தோறும் அவள் சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதிக் கொடுப்பது வழக்கம்.

"ஆத்தாகிட்டே போவாதேன்னு சொல்ல நீ யாரு நைனா? எம் புள்ளைக்குப் போற கடுதாசிய அவதான் வாயில வாங்கிகினு போறா. நான் அவள கும்பிடாம உன்னையா கும்பிடுவேன்?"

"கும்பிடு பெரியம்மா. கை கூப்பிக் கும்பிடு. நெருப்பு மட்டும் வேணாம்."

அவள் பெட்டியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு சென்றாள்.

அமாவாசைக்கு முந்திய நாள். காலையெல்லாம் மழை பெய்து, நண்பகலில் ஓய்ந்திருந்தது. சாலையில் எவரும் இல்லை. சேற்றுக்கு அஞ்சி லாரிகளும் ஓடவில்லை. அரை நாழிகைதானே என்று எண்ணி, வீட்டுக்குச் சென்று கூழ் குடித்துவிட்டு, நனைந்த துண்டைத் தலையில் போட்டவாறு திரும்பினேன். முனைக்கு இருபது அடி தூரத்திலேயே கற்பூர மணம் வந்தது.

பெட்டியின் வாயிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது.

கரும்புகை அன்று, வெண்மையான, மெல்லிய, நூல் போன்ற புகை. மழை ஈரம் ஏறிய காகிதம் கனன்று எழுப்பும் புகை அது. நான் வாயருகே கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே இருளில் ஒரு செம்புள்ளி அசைந்தது. திறவுகோல் கோதண்டத்திடம் இருந்தது. அவர் மூன்று மணிக்குத்தான் வருவார். பெட்டியை உடைத்தால் உடைத்தவன் நானாவேன். தண்ணீர் ஊற்றினால் கடிதங்களை அழித்தவன் நானாவேன். ஒன்றும் செய்யாது நின்றால் எரியவிட்டவன் நானாவேன். மூன்று வழியும் ஒரே சிறைக்குச் சென்றன.

காற்று புகாவிட்டால் நெருப்பு அணையும் என்பது அடுப்பெரிக்கும் எவருக்கும் தெரிந்ததே. தலையிலிருந்த ஈரத்துண்டை உருவிப் பெட்டியின் வாயில் திணித்தேன். இரு கைகளாலும் அழுத்திக்கொண்டு, நெற்றியை இரும்பில் பதித்து நின்றேன். இரும்பு சுட்டது.

"கையை எடுக்காதே."

பின்னாலிருந்து வந்த அக்குரலை நான் அறிவேன். சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளை விட்டு இறங்கியிருந்தார். அவருடன் ஒரு கான்ஸ்டபிளும், வழக்கத்திற்கு முன்னதாகவே அழைத்து வரப்பட்ட கோதண்டமும் நின்றனர். அவர்கள் கண்ட காட்சியை நானும் அக்கணத்தில் அவர்களுடைய கண்களாலேயே கண்டேன்: புகையும் தபால் பெட்டி, அதன் வாயில் துணியைத் திணித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதன்.

"எசமான், நான் அணைக்கிறேன். வைக்கல. அணைக்கிறேன்."

"எல்லாரும் அதான்டா சொல்றாங்க. திற கோதண்டம்."

கோதண்டம் சாவியைப் பூட்டில் இட்டுத் திருப்பினார். கதவு திறந்ததும் புகை அவர் முகத்தில் அடித்தது. உள்ளே நெருப்பு அணைந்திருந்தது. கடிதக் குவியலின் மேல் கருகிய வெற்றிலை ஒன்றும், பாதி எரிந்த கற்பூரக் கட்டியும் கிடந்தன. மூன்று கடிதங்களின் ஓரங்கள் கரிந்திருந்தன. வெற்றிலையின் அடியிலிருந்த கடிதத்தின் மேலுறை முழுதும் எரிந்து, உள்தாள் வெளியே தெரிந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் வெற்றிலையைக் குச்சியால் தள்ளினார். பின்னர் பெட்டியின் கழுத்தில் புதிதாகக் கட்டியிருந்த மஞ்சள் நூலையும், முன்னால் நின்ற மஞ்சட்கல்லையும் நோக்கினார். அவருடைய முகம் மாறியது, ஆனால் தணியவில்லை.

"கல்லை நட்டது யாரு?"

"நான்தான் எசமான். லாரி ஏறாம இருக்க."

"சூடம் வச்சது யாரு?"

எனக்குத் தெரியும். உள்தாளில் இருந்த எழுத்து என் எழுத்து. முந்திய நாள் முத்தம்மாளுக்காக நான் எழுதியது. அவளுடைய பெயரைச் சொல்ல என் வாய் திறந்திருந்தது என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். ஒலி எழுவதற்குள், சாலையின் மறுபுறத்துப் புளியமரத்தின் பின்னாலிருந்து அவளே வெளிப்பட்டாள். கையில் பித்தளைத் தட்டு இருந்தது. அவள் ஓடிவிடவில்லை, கற்பூரம் எரிந்து முடியும் வரை மறைவாக நின்று கும்பிட்டிருக்கிறாள்.

"நான்தான் சாமி வச்சேன். அவன ஏன் கேக்கறே?"

"தபால் பெட்டியைக் கொளுத்தினா என்ன தண்டனை தெரியுமா கிழவி?"

"கொளுத்தல சாமி. கடுதாசிக்குத் தொணையா அனுப்பிச்சேன். அத்தினி தூரம் தனியாவா போவும் அது?"

சப்-இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை எடுத்துப் படிக்கலானார். எழுதும்போது நான் மிகுந்த பெருமிதத்துடன் எழுதிய வரிகள் அவை. அவருடைய வாயில் அவை எனக்கு எதிரான சாட்சியங்களாக ஒலித்தன.

"'என் அருமைப் புதல்வா, இம்மடலை நமது சாலையில் எழுந்தருளியுள்ள தபால் தேவியின் திருவாயில் கற்பூர ஆராதனையுடன் சமர்ப்பிக்கின்றேன்.' இது யார் எழுத்து?"

"என்னுடையது எசமான்."

"அப்ப இவ கொளுத்தப் போறான்னு நேத்தே உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாது என்பதே உண்மை. 'சூடம் காட்டி அனுப்பறேன்னு எழுது நைனா' என்று அவள் கூறியபோது, அதை அவள் செய்யப்போகும் செயலாக நான் கருதவில்லை. கடிதத்தின் தொடக்கத்தில் அமையும் ஓர் அலங்காரம் என்று கருதி, அதற்கேற்ற சொற்களைத் தேடுவதிலேயே முனைந்திருந்தேன். ஆயினும் இதை ஒரு காவல் அதிகாரியிடம் எவ்வாறு விளக்குவது?

"யாருக்குக் கிழவி இந்தக் கடுதாசி?"

"எம் மவன் மதுரைவீரனுக்கு. பட்டாளத்துல கீறான். நம்ம ராசாவுக்காகத்தான் சாமி சண்ட போடறான். நாலு மாசமா ஒரு தாக்கல் இல்ல, ஒரு கடுதாசி இல்ல. உயிரோட கீறானா இல்லியான்னு உங்க சர்க்காரைக் கேட்டா ஒருத்தரும் சொல்லமாட்டேன்றாங்க. நீயாச்சும் சொல்லு, நான் சூடம் வைக்கறத நிறுத்திடறேன்."

சிப்பாயின் தாயைக் கலகக்காரி என்று அவர் எந்தக் காகிதத்தில் எழுதுவார்? அவளை விட்டு என்னை மட்டும் எழுதினாலும், கடிதம் சாட்சியாக வரும். கடிதம் வந்தால் அவளும் வருவாள். சப்-இன்ஸ்பெக்டர் தாளை நான்காக மடித்துக் கோதண்டத்திடம் கொடுத்தார்.

"ஓரம் கருகினதையெல்லாம் மழையில நனைஞ்சதுன்னு சொல்லி உலர்த்தி அனுப்பு." பிறகு என்னைப் பார்த்தார். "இன்னைக்கு நான் ஒண்ணும் எழுதலே. ஆனா உன் கையெழுத்து என்கிட்ட பத்திரமா இருக்கு. இந்தக் கல் இப்பவே, என் கண் முன்னாடி போகணும். இனிமே இங்கே பூவோ மஞ்சளோ பார்த்தேன்னா கிழவிக்காகவும் நிறுத்தமாட்டேன். லாரி இடிச்சாலும் அதே கதிதான்."

அவர் கான்ஸ்டபிளிடம் கல்லைப் பெயர்க்குமாறு கட்டளையிட்டார். கான்ஸ்டபிள் தன் தொப்பியைச் சரிசெய்தார், இடைவாரைச் சரிசெய்தார், கல்லைப் பார்த்தார்.

"நம்ம ஊட்டுல முழுகாம இருக்கிறாங்க சார். நான் தொடக்கூடாது."

ஆகவே நானே கடப்பாரை கொண்டுவந்து பெயர்த்தேன். ஈரமண்ணில் அது எளிதாகவே அசைந்தது. மஞ்சள் என் கைகளிலும் மார்பிலும் ஒட்டிக்கொண்டது. கல்லைச் சுமந்து சென்று கால்வாய் நீரில் இறக்கினேன். திரும்பி வருகையில் அதிகாரிகள் சென்றுவிட்டிருந்தனர். முத்தம்மாள் மட்டும் குழியின் அருகில் நின்றாள்.

"இன்னொண்ணு எழுதித் தா நைனா. எரிஞ்சத எப்பிடி அனுப்பறது?"

வீட்டிலிருந்து தாளும் மையும் கொண்டுவந்து, அங்கேயே முழங்காலின் மீது பலகை வைத்து எழுதினேன். 'மகனே, நலமா? ஒரு வரி எழுது. அம்மா.' இதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்க எனக்குத் துணிவில்லை. மேலுறையில் பட்டாளத்து விலாசத்தை இருமுறை சரிபார்த்தேன். அவள் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, கையை மட்டும் கூப்பினாள்.

மாலையில் மேகம் கலைந்து லாரிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. முதலில் வந்தவன் துலுக்கானம். அவன் பழக்கத்தால் வேகத்தைக் குறைத்து, கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனவன், அப்படியே நிறுத்தினான்.

"ஆத்தா எங்கேய்யா?"

"எடுத்தாச்சு. போலீசு உத்தரவு."

"எடுத்துட்டியா? உன் கையாலயா?" என் மார்பிலிருந்த மஞ்சளை அவன் பார்த்தான். "இனிமே இந்த ரோட்டுல எனக்கு எதுனா ஆச்சுன்னா நீதான் மாமே பொறுப்பு. எல்லா டிரைவருகிட்டயும் சொல்லிடறேன்."

வண்டியை வேகமாகக் கிளப்பினான். அவனுக்கு இப்போது முனையில் அஞ்ச வேண்டியது எதுவும் இல்லை.

அவனுக்குப் பின்னால் மற்றொரு லாரியின் இரைச்சல் வளைவுக்கு அப்பால் எழுந்தது. நான் மண்ணிட்டு மூடிய குழியின் மேல் இரு கால்களையும் ஊன்றி நின்றேன். என் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், பெட்டிக்குள் முத்தம்மாளின் கடிதம் இருந்தது; மறுநாள் மூன்று மணி வரை அது அங்கேயே இருக்கும். எதிர்த் திசையிலிருந்தும் ஓர் இரைச்சல் கேட்டது. இரண்டும் இந்த முனையில்தான் சந்திக்கும் என்பதை ஒலியைக் கொண்டே கணித்தேன். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, கண்களை மூடாமலிருக்க முயன்றேன்.